தொடாமல் எழும்பிய கொம்பியூட்டர்

பத்மாதேவி டீச்சர் திருத்தாமல் விட்ட ஒரே ஆள் அவருடைய கணவர் தியாகராஜாதான். அதுவும் பாவம் பார்த்து விட்டதல்ல, திருத்திப் பார்த்துக் களைத்து விட்டது. மற்றபடி அவர் கண்ணில் பட்ட பிழை எதுவும் உயிரோடு தப்பியதில்லை. கோயில் திருவிழா நோட்டீஸைச் சிவப்புப் பேனாவால் திருத்தி ஐயரிடமே திருப்பிக் கொடுத்தவர். ஒரு கலியாண வீட்டில் தாலி கட்டி முடிந்த கையோடு மேடையில் ஏறி, அங்கே எழுதியிருந்த மாப்பிள்ளையின் பெயருக்கு விடுபட்ட குற்று ஒன்றை வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கணித ஆசிரியையாகக் கண்டிக்கு மாற்றலாகி வந்து, வகுப்பில் படம் மாட்ட ஆணி வாங்கப் போன இடத்தில் ஆணியோடு கடைக்காரரையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். தியாகராஜாவின் குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன் இந்தியாவிலிருந்து வந்தது. கண்டிச் சந்தைக்குப் பின்னால் சின்ன ஹாட்வெயார் கடை, அம்பிட்டிய மேட்டில் வீடு. வாசலுக்கு யாரும் வந்தால் அவர் "வாங்க" என்பார், இவர் "வாங்கோ" என்பார். இருபது வருடமாக ஒருவர் தமிழை மற்றவர் திருத்தப் பார்த்து இருவரும் தோற்றிருந்தார்கள்.

இப்படிப்பட்டவரிடம் உலகம் தானாகவே ஒரு திருத்தும் வேலையைக் கொண்டுவந்து கொடுத்தது. லினக்ஸ் என்று ஒன்று இருக்கிறது. பல நாட்டவர்கள் சேர்ந்து எழுதி, கணினிகளுக்குச் சும்மா கொடுப்பது. அதன் அடிவயிற்றுக்குக் கேர்னல் என்று பெயர். கணினியில் செருகும் ஒவ்வொரு கார்ட்டையும் மேய்ப்பதற்குக் கேர்னலுக்குள் ஒரு துண்டு நிரல் இருக்கும். அதை டிரைவர் என்பார்கள். டீச்சரின் பாடசாலைக்கு யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த கணினிகளில் ஒரு மலிவான நெட்வேர்க் கார்ட் இருந்தது. அதன் டிரைவரைத் திறந்து பார்த்த டீச்சருக்கு விடுமுறை முழுவதும் போதுமான அளவு பிழை கிடைத்தது. ஒவ்வொன்றாகத் திருத்தி, அதை எழுதிய பின்லாந்துக்காரருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்த மனிதர், தனக்கு இரட்டைப் பிள்ளை பிறந்திருப்பதாகவும், இனி இந்த டிரைவரை அம்மணியே பார்த்துக்கொள்ளுமாறும் எழுதிவிட்டு ஓடித் தப்பினார். அன்றிலிருந்து உலகின் எந்த மூலையில் யார் அந்த டிரைவரில் கை வைத்தாலும் அது அம்பிட்டியவுக்கு வந்து, டீச்சர் சரி என்ற பிறகுதான் உள்ளே போகும்.

அவர் சரி என்பது இலேசில் நடக்கிற காரியமா? இடைவெளி பிழை என்று ஒரு தரம் திருப்புவார். ஒரு திருத்தத்தில் இரண்டு வேலை செய்யக் கூடாது என்று இன்னொரு தரம் திருப்புவார். எல்லாம் ஆங்கிலத்தில், லிஸ்ட் என்று சொல்லும் பொது மின்னஞ்சல் வரிசையில், நாலு பேர் பார்க்க. இந்த வேலைக்கு ஒருவரும் எதுவும் கொடுப்பதில்லை என்பதை அறிந்தபோது தியாகராஜாவுக்கு ஆச்சரியமே வரவில்லை. சும்மா திருத்தும் வாய்ப்பு கிடைத்தால் தன் மனைவி எதிர்க்காசு கொடுத்தாவது போவாள் என்று அவருக்குத் தெரியும்.

தியாகராஜாவுக்கு வேறு கவலை. சண்டை மறுபடி மூண்டு, கொழும்பிலும் கண்டியிலும் தமிழர்களை நிறுத்தி நிறுத்திச் சோதித்த காலம் அது. 2006இல் அவரைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. குற்றம், ஒரு கோலிங் பெல். வாடிக்கையாளர் வீட்டில் பூட்டுவதற்காக பெல், பெட்டரி, வயர் மூன்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருந்தார். இது என்ன என்று கேட்டபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. யாருடையது என்று கேட்டபோது அந்த மனிதரின் பெயர் மறந்துபோனது. இரண்டு இரவு உள்ளே வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். உள்ளே என்ன நடந்தது என்று டீச்சர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வந்தவர் கோலிங் பெல் விற்பதை நிறுத்திவிட்டார். அவர்கள் வீட்டு வாசலிலும் கழற்றிவிட்டார். வருகிறவர்கள் கதவைத் தட்டட்டும்.

அதோடு வீட்டில் ஒரு சட்டம் வந்தது. வீட்டிலுள்ள ஒவ்வொரு சாமானுக்கும், பொலிஸ் கேட்டால் சொல்ல, சிங்களத்தில் ஒரு வசனம் தயாராக இருக்க வேண்டும். ஒரே ஒரு வசனம், திக்காமல். தியாகராஜா பல் தீட்டும்போதே அவற்றைப் பாடமாக்குவார். இடியப்ப உரலுக்கு ஒன்று. பிரஷர் குக்கருக்கு ஒன்று, விசிலுக்குத் தனியாக ஒன்று. கணினிக்குத்தான் நாள்கணக்காக வசனம் அமையவில்லை. அது நல்ல பிள்ளையா கெட்ட பிள்ளையா என்று அவருக்கே சந்தேகம். கடைசியில் டீச்சர் சொல்லிக்கொடுத்தார்: "சேர், இது பாடசாலை வேலைக்கு. நாங்கள் தொடாமல் இது எதுவும் செய்யாது."

"நெசமா செய்யாதா?" என்று கேட்டார் தியாகராஜா.

"நான் சொல்லுறன் தானே. செய்யாது."

அடுத்த வருடம் ஒக்டோபரில் ஷிராஸின் திருத்தம் லிஸ்டுக்கு வந்தது.

ஷிராஸ் திகன பஸாரில், ஊரார் வந்து தொலைபேசி எடுக்கும் கொமியூனிகேஷன் கடை வைத்திருப்பவர். பழைய கணினிகளைப் பிரித்துப் பூட்டி விற்பதும் உண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று எல்லாவற்றிலும் டீச்சருடைய அதே நெட்வேர்க் கார்டைத்தான் போட்டார். அங்கேதான் வினை பிடித்தது. இந்தக் கணினிகளை அணைக்காமல், மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்க வைத்தால், கொஞ்ச நேரத்தில் ஒருவரும் தொடாமல் தாமாகவே எழும்பின. வாங்கியவர்கள் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு வந்து, இதற்குள் ஜின் இருக்கிறது, மாற்றிக்கொடு என்றார்கள். ஷிராஸின் மனைவி றலியா, பள்ளிவாசலிலிருந்து லெப்பை ஒருவரைக் கூட்டிவந்து கடை முழுவதும் ஓதி ஊதச் செய்தாள். ஊதிய அன்று பூட்டிய கடைக்குள் நாலு கணினி ஒன்றாக எழும்பி வெளிச்சம் போட்டதில் லெப்பையின் பெயரும் சேர்ந்து கெட்டது.

ஷிராஸ் பார்த்தார், டிரைவரையே திறந்து வாசித்தார். காரணம் அங்கே இருந்தது. தூங்கப் போகும்போது இந்த டிரைவர் கார்டிடம், "வெளியிலிருந்து யாராவது தட்டினால் எழுப்பிவிடு" என்று சொல்லிவிட்டுத்தான் படுக்கிறது. அப்படி எழுப்பச் சொன்னாரா என்று சொந்தக்காரரிடம் கேட்பதே இல்லை. இணையம் என்றால் தெருவைப் போல, யாராவது எதையாவது தட்டிக்கொண்டுதான் போவார்கள். ஆகவே, சொந்தக்காரர் கேட்டிருந்தால் மட்டும் எழுப்பு என்று ஒரு சில வரி எழுதி அனுப்பினார். இப்படி அனுப்பும் திருத்தத்துக்குப் பெச் என்று பெயர்.

டீச்சர் முதலில் இடைவெளி பிழை என்று திருப்பினார். அடுத்தமுறை, விளக்கம் போதாது என்று திருப்பினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் இருவருக்கும் ஒருவரையொருவர் நன்றாகத் தெரியும். தியாகராஜாவின் கைத்தொலைபேசியைப் பழுது பார்ப்பதே ஷிராஸ்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கொடுக்க வந்தவர் மெல்லப் பேச்சை எடுத்தார்.

"டீச்சர், அந்த பெச் விஷயம்..."

டீச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "லிஸ்டில எழுதுங்கோ. பேப்பர் திருத்திறவளிட்ட வீட்டுக்கு வந்து புள்ளி கேக்கிறதோ?"

"நான் புள்ளி கேக்க வரல்ல டீச்சர். மெஷின் தானா முழிக்கிது எண்டு செல்ல மட்டும்தான் வந்த. எல்லாரும் ஜின் ஈக்கி எண்டு திருப்பிக் கொண்டு வாராங்க. எனக்கு ஏலாமப் போச்சு."

"அதையும் லிஸ்டில எழுதுங்கோ. தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?"

ஷிராஸ் தேநீரைக் குடித்துவிட்டுத் திகனவுக்குப் போய், "மதிப்புக்குரிய அம்மணி" என்று தொடங்கி ஆங்கிலத்தில் எழுதினார். அம்மணியும் "அன்புள்ள ஐயா" என்று பதில் எழுதினார்: இந்தக் கோளாறை என் இடத்தில் நானே சோதித்துப் பார்க்கிறேன்.

சோதிக்கவும் செய்தார். அதில் டீச்சரைக் குறை சொல்ல முடியாது. பாடசாலை விட்டு வந்து பின்னேரத்தில் கணினியைத் தூங்க வைத்து, குசினியில் வேலையை முடித்துவிட்டு வந்து பார்ப்பார். கணினி அசையாமல் கிடக்கும். பொத்தானை அழுத்தினால்தான் எழும்பும். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாவது நாளும் அப்படித்தான். ஜன்னலுக்கு வெளியே ஹந்தான மலைப்பக்கம் இடி உருண்டுகொண்டிருக்க, டீச்சர் மிகுந்த திருப்தியோடு தட்டெழுதி, மழை விட்டதும் அனுப்பினார்: மூன்று தடவை சோதித்தும் இந்தக் கோளாறு என் இடத்தில் நிகழவில்லை. இல்லாத நோய்க்கு மருந்தை ஏற்க முடியாது.

இடி என்றதும் தியாகராஜாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ஒக்டோபரில் கண்டியில் காலையில் வெயில், பின்னேரம் இடி. மதியச் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டு வரும் தியாகராஜா இடி முடியும்வரை வீட்டில்தான் நிற்பார். வானம் ஒருமுறை கனைத்தால் போதும், மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். பிரிட்ஜைக் கழற்றுவார். டீவியைக் கழற்றுவார். அன்டனா வயரை ஜன்னலுக்கு வெளியே எறிவார். ஏற்கெனவே கழற்றி அலுமாரிக்குள் இருக்கும் அயன்பெட்டியையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார். மலைநாட்டில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம். இவரிடம் கொஞ்சம் கூடுதல். ஒருமுறை கணினியின் பிளக்கையும் பிடுங்கி, டீச்சர் அரைநாளாக எழுதிய மதிப்பீடு முழுவதும் காற்றோடு போனது. டீச்சர் ஒரு கிழமை பேசவில்லை. பேசியபோது சொன்னது ஒன்றுதான்: "இனிமேல் கொம்பியூட்டரின்ர பிளக்கில கை வைக்கக் கூடாது." தியாகராஜா சொன்ன சொல் தவறாதவர். அதற்குப் பிறகு அந்தப் பிளக்கை அவர் தொட்டதே இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலை வானத்தில் ஒரு துண்டு மேகம் இல்லை. தியாகராஜா இன்னும் கடைக்குப் புறப்படவில்லை. டீச்சர் கணினியில் தன்னுடைய குரலையே கேட்டுக்கொண்டிருந்தார். தவணை முடிவில் தொண்டை கட்டிப்போவது வழக்கமாதலால், ஆறாம் வகுப்புக்குக் கோணங்கள் பாடத்தை முன்கூட்டியே பேசிப் பதிந்திருந்தார். அதிலும் இரண்டு பிழை கண்டுபிடித்துவிட்டார். அப்போது பக்கத்து வீட்டிலிருந்து செசிலியா வேலிக்கு மேலால் எட்டிக் கத்தினாள்.

"அக்கா, செக்கிங் வருது! றோட்டை அடைச்சுப்போட்டாங்கள்!"

தியாகராஜா அடையாள அட்டைகளை எடுக்க ஓடினார். ஓடிய வேகத்தில் திரும்பி வந்தார். "அத நிப்பாட்டும்மா! மொதல்ல அத நிப்பாட்டு!"

"நிப்பாட்டினா எல்லாம் போயிடும். நித்திரையாக்கி விடுறன். ரெண்டும் ஒண்டுதான்."

"தொடாம எதுவும் செய்யாதுல்ல?"

"மூண்டு தரம் சோதிச்சனான். உலகத்துக்கே எழுதிப்போட்டன். இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

கணினி கண்ணை மூடியது. வாசலில் பொலிஸ் சார்ஜன்ட் ஒருவரும் இரண்டு ஆமிக்காரரும் வந்து நின்றார்கள். சார்ஜன்ட் பருத்த மனிதர். மேடு ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. அடையாள அட்டைகளைப் பார்த்தார், வீட்டில் யார் யார் என்று எழுதிய பொலிஸ் பதிவைப் பார்த்தார். ஆமிக்காரர் குசினிக்குள் போய் இடியப்ப உரலைத் தூக்கிக் காட்டினார்கள். தியாகராஜா வசனத்தைச் சொன்னார். குக்கருக்குச் சொன்னார். கேட்காமலே விசிலுக்கும் சொன்னார். எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. அவர் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது, பரீட்சையில் தெரிந்த கேள்வியாக வந்தவர் மாதிரி.

"மொக்கத மே?" என்று சார்ஜன்ட் உள்ளறையில் இருந்த கணினியைக் காட்டினார். இது என்ன என்று அர்த்தம். சார்ஜன்டோடு பேசியதெல்லாம் சிங்களத்தில்தான்.

"சேர், இது பாடசாலை வேலைக்கு. நாங்கள் தொடாமல் இது எதுவும் செய்யாது."

"சிவப்பு லைட் மின்னுகிறதே?"

இதற்கு வசனம் இல்லை. தியாகராஜா மனைவியைப் பார்த்தார். டீச்சர் முன்னுக்கு வந்து, அணைப்பது வேறு, தூங்க வைப்பது வேறு என்று வகுப்பெடுக்கத் தொடங்கினார். மின்சாரம் கொஞ்சமாக ஓடிக்கொண்டிருக்கும், நினைவு மட்டும் விழித்திருக்கும், அந்தப் பொத்தானை அழுத்தும்வரை எதற்கும் எழும்பாது. "அதை நான் உறுதியாகச் சொல்லலாம், சேர். நானே சோதித்திருக்கிறேன்."

சார்ஜன்ட் தலையாட்டினார். எல்லோரும் முன்னறைக்குத் திரும்பினார்கள். அவர் வாசல் படியில் ஒரு காலும் வைத்துவிட்டார்.

உள்ளறையில் 'டக்' என்று ஒரு சத்தம். விசிறி ஒன்று சுழலத் தொடங்கியது. பிறகு, ஒருவரும் இல்லாத அந்த அறையிலிருந்து, ஒரு பெண்குரல் அதிகாரமாகக் கிளம்பியது.

"எல்லாரும் எழும்புங்கோ! ரெண்டு கையையும் மேல தூக்குங்கோ. ம்... வடிவாத் தூக்குங்கோ!"

தியாகராஜா இரண்டு கையையும் வடிவாகத் தூக்கினார். கொஞ்சம் தமிழ் விளங்கும் ஆமிக்காரர் ஒருவருடைய கையும் பாதிவரை போய்விட்டுத் திரும்பியது. துவக்கு உள்ளறைப் பக்கம் நீண்டது.

"இப்ப உங்கட கைக்கும் தோளுக்கும் இடையில எத்தினை பாகை? கத்தாமச் சொல்லுங்கோ!"

"உள்ளே யார்?" என்று சார்ஜன்ட் கத்தினார்.

"நான்தான், சேர்," என்றார் டீச்சர்.

அது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அதைவிட உபயோகமில்லாத பதிலை யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது. சார்ஜன்ட் மூடியிருந்த அவருடைய வாயைப் பார்த்தார். குரல் அறைக்குள்ளே தொண்ணூறு பாகையை விளக்கிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குக் கீழே பார்த்தார்கள். அலுமாரியைத் திறந்தார்கள். திரைச்சீலையைத் துவக்கு நுனியால் விலக்கினார்கள். ஒருவரும் இல்லை. டீச்சர் ஓடிப்போய்த் தன்னுடைய வாயைத் தானே அடக்கினார்.

"தொடாமல் எதுவும் செய்யாது என்றீர்களே," என்றார் சார்ஜன்ட். இப்போது அவர் குரலில் மூச்சு வாங்கவில்லை. "வெளியிலிருந்து யாரோ இயக்குகிறார்கள். பெட்டியை எடுங்கள். இவரையும் ஜீப்பில் ஏற்றுங்கள்."

தியாகராஜா தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை. அவருடைய உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. அவர் அந்த வசனத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது டீச்சருக்குத் தெரிந்தது. நாங்கள் தொடாமல் இது எதுவும் செய்யாது. தான் சொல்லிக்கொடுத்த வசனம். பிழையான வசனம். டீச்சரின் வாழ்க்கையில் முதல் தடவையாக, பிழை எங்கே என்று தெரிந்தும் அது பிறருடையதாக இல்லை.

"சேர், பொறுங்கள். இது இப்படித் தானாக எழும்பும் என்று ஒருவர் எனக்குச் சொன்னார். மூன்று தரம் சொன்னார். நான்தான் நம்பவில்லை. அவரிடம் கேளுங்கள்."

"தானாக எழும்புமா?" சார்ஜன்ட் நின்றார். "கொஞ்ச நேரம் தூங்கிவிட்டு, பிறகு ஒருவரும் தொடாமல்?"

"ஓம், சேர்."

சார்ஜன்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். குரல் கொஞ்சம் இறங்கியது. "குண்டசாலையில் என் தங்கை வீட்டிலும் ஒன்று இப்படித்தான். விகாரையிலிருந்து ஹாமுதுருவைக் கூப்பிட்டு பிரித் ஓதி நூல் கட்டினோம். நூலோடு எழும்புகிறது. யார் அந்த ஆள்?"

தியாகராஜாவின் கைத்தொலைபேசியிலிருந்து திகனவுக்கு அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்கள். டீச்சர் நடந்ததைச் சொன்னார்.

"டீச்சர்," என்றார் ஷிராஸ் கவனமாக, "இத லிஸ்டில எழுதட்டா?"

"ஷிராஸ், விசர்க்கதை கதையாதேங்கோ! இவரைக் கொண்டு போகப் போறாங்கள்!"

ஷிராஸ் உடனே சரளமான சிங்களத்துக்கு மாறினார். சேர், கணினிக்குப் பின்னால் ஒரு நீல வயர் இருக்கும், தொலைபேசிப் பெட்டியிலிருந்து வருவது. தட்டல் எல்லாம் அதன் வழியாகத்தான் வருகிறது. அதைக் கழற்றிவிட்டுத் தூங்க வையுங்கள், எழும்பாது. செருகிவிட்டுத் தூங்க வையுங்கள், எழும்பும். உங்கள் கையாலேயே செய்து பாருங்கள்.

"அந்த நீல வயரா?" என்றார் தியாகராஜா. கையை மேலே வைத்தபடியே, தமிழில். "அத நான்தான் தெனமும் கழட்டுறேனே."

டீச்சர் மெதுவாகத் திரும்பினார். "என்ன கழட்டுறீங்கள்?"

"இடி இடிச்சா கழட்டுவேன். மழ விட்டதும் மாட்டிருவேன். நீ பிளக்குல கைய வைக்காதன்னு தான சொன்ன? வயர ஒண்ணும் சொல்லலியே."

மூன்று பின்னேரம், மூன்று இடி, மூன்று சோதனை. வயரே இல்லாத கார்டை எந்தத் தட்டல் எழுப்பும்? உலகத்தின் முன்னால் இல்லாத நோய் என்று எழுதியவர், நோயாளியின் மூக்கைப் பொத்தி வைத்துக்கொண்டு தும்மவில்லை என்று எழுதியிருக்கிறார். அந்தச் சார்ஜன்ட் தன்னை நம்பாமல் பார்த்த அதே பார்வையால்தான் தானும் ஷிராஸைப் பார்த்திருப்பதை நினைத்தபோது டீச்சருக்கு வெட்கம் தாங்கவில்லை.

சோதனை நடந்தது. சார்ஜன்ட் தன் கையால் நீல வயரைக் கழற்றினார். கணினியைத் தூங்க வைத்தார்கள். செசிலியா வேலிக்கு மேலால் தேநீர் கொடுத்துவிட்டாள். குடித்து முடிக்கும்வரை பெட்டி அசையவில்லை. பிறகு வயரைச் செருகி, நிறுத்திய பாடத்தை மறுபடி ஓடவிட்டுத் தூங்க வைத்தார்கள். சார்ஜன்ட் கதிரையை இழுத்துப் போட்டு, எலிப்பொறிக்கு முன்னால் இருப்பவர் மாதிரிக் குந்தியிருந்தார். 'டக்' என்றது பெட்டி.

"இப்ப கையை இறக்குங்கோ! எல்லாரும் இடப்பக்கம் திரும்புங்கோ!"

தியாகராஜா கையை இறக்கினார். அவருக்கு அப்படி ஒருவர் சொல்லித்தான் இறக்க வேண்டியிருந்தது. ஆமிக்காரர் இருவரும் சிரித்தார்கள். கடைசியாகத்தான் சார்ஜன்ட் சிரித்தார், வயிறு குலுங்க.

"சரி, மருந்து எங்கே?" என்று கேட்டார்.

டீச்சர் ஷிராஸின் திருத்தத்தை எடுத்து டிரைவருக்குள் வைத்து, புதிதாகக் கட்டி ஏற்றினார். அவசரத்தில் இரண்டு தரம் பிழையாகத் தட்டினார்; இடைவெளியைப் பற்றி அப்போது அவர் யோசிக்கவில்லை. பாடத்தை ஓடவிட்டு, நீல வயர் செருகியபடியே கணினியைத் தூங்க வைத்தார்கள். பார்த்தார்கள். எழும்பவில்லை. சார்ஜன்ட் கிட்டப்போய் இருமினார். மேசையைத் தட்டினார். "ஏய், பொலிஸ்!" என்றார். பெட்டி குறட்டை விடாததுதான் குறை. பொத்தானை அழுத்தினார்கள். உடனே எழும்பி, இடப்பக்கம் திரும்பிய பிள்ளைகளை வலப்பக்கம் திரும்பச் சொன்னது.

இவ்வளவு நேரம் ஆனதில் அந்த ஒழுங்கையில் மற்ற வீடுகளைப் பார்க்க ஆமிக்கு நேரமில்லாமல் போனது. தங்கை வீட்டுக் கணினியைத் திகனவுக்கு எடுத்துப் போவதாக ஷிராஸிடம் சொல்லிவிட்டு சார்ஜன்ட் புறப்பட்டார். ஜீப் மேட்டிலிருந்து இறங்கும் சத்தம் முழுதாக ஓயும்வரை தியாகராஜா வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, கதிரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அழுகையில் அவர் சொன்ன தமிழில் ஒன்றையும் திருத்தவில்லை.

அன்று பின்னேரமே லிஸ்டுக்கு எழுதினார். என் சோதனை பிழை. வயர் செருகப்பட்டிருக்கவில்லை. ஐயா சொன்னது முழுக்கச் சரி, இந்தத் திருத்தத்தை நான் ஏற்கிறேன். ஆறு வருடத்தில் அவர் தன் தீர்ப்பைத் திருப்பியது அதுவே முதல் தரம். பார்த்துக்கொண்டிருந்த ஒரு ஜெர்மன்காரர், வயர் ஏன் செருகப்படவில்லை என்று கேட்டார். எங்கள் ஊரில் இடி இடித்தால் கணவர்மார் கழற்றிவிடுவார்கள் என்று டீச்சர் உள்ளதை உள்ளபடி எழுதினார். தன் மாமியாரும் அப்படித்தான் என்று பிரேசிலிலிருந்து ஒருவர் எழுதினார். ஒரு கிழமையாக லிஸ்டில் கேர்னலைப் பற்றிப் பேச்சே இல்லை, இடியைப் பற்றித்தான் பேச்சு. றலியா வட்டிலப்பம் கொடுத்தனுப்பினாள். கடையில் ஜின் ஒழிந்த புகழ் மட்டும் எப்படியோ லெப்பைக்கே போய்ச் சேர்ந்தது.

நவம்பரில் ஒரு பின்னேரம், மழை விட்ட நேரம், இருவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். கணினி நீல வயரோடு மூலையில் தூங்கிக்கொண்டிருந்தது. கீழே றோட்டில் ஜீப் ஒன்று கியரை மாற்றி மேட்டில் ஏறும் சத்தம் கேட்டது. இரண்டு கோப்பையும் ஒரே நேரத்தில் மேசையில் இறங்கின. ஜீப் வாசலைத் தாண்டி, வளைவால் திரும்பி, மேலே போய்விட்டது.

தியாகராஜா மூலையில் கிடந்த பெட்டியைப் பார்த்தார். அதன் சிவப்பு லைட் நிதானமாக மின்னிக்கொண்டிருந்தது.

"பாத்தியா," என்றார், "அது அசையவே இல்ல. யாரு தட்டினாலும் அதுபாட்டுக்குத் தூங்குது. நமக்கும் அது மாதிரி ஒரு பெச்சு எழுதித் தர முடியுமான்னு ஷிராஸ் தம்பிகிட்ட கேளேன்."

டீச்சர் ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டார்.

"எழுதட்டும்," என்றார். "எத்தினை பிழை இருந்தாலும் நான் திருப்பி அனுப்ப மாட்டன்."